எரியாத லட்சுமியும் அக்காவின் லென்ஸும்

அக்கா போய் ஒரு வருடம் முடிகிறது. ஆண்டுத் திதிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் வேண்டும், தங்கை என்ற முறையில் அதில் நான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். சரி என்றேன். இந்த ஒரு வருடமாக யார் என்ன சொன்னாலும் சரி என்றுதான் சொல்லி வருகிறேன். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறேன். கோவிலுக்கு வா என்றால் போகிறேன். அழவில்லை. செத்த வீட்டிலும் அழவில்லை, மகாவலியில் சாம்பலைக் கரைத்தபோதும் அழவில்லை. வந்திருந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்திருந்தால் அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை, அவ்வளவுதான்.

இந்த மலருக்காக ஒரு சின்ன வேலை செய்யப் போனேன். போன இடத்தில், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பி வந்த ஒரு விஷயம் வேறு விதமானது என்று தெரிந்துகொண்டேன். அதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. முதலில் அக்காவின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது வத்தேகமவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு கடை இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்திருந்தது, நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பது மட்டும் முடிவாகாமல் இருந்த காலம். அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் சும்மா இருக்கப் பிடிக்காமல் கண்டிக்கு இறங்கி வந்தார். டவுனில் ஒரு குறுக்குத் தெருவில், படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடும் கடையை ஆரம்பித்தார். கீழே கடை, மேலே வீடு. நான் பிறந்தது அந்த வீட்டில்தான்.

அக்கா பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த சமயத்தில் அப்பா கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். காரியம் முடிந்த கையோடு அக்கா கடையைத் திறந்தார். "பொம்பளப் புள்ள கடையில நின்னு சுத்தியல் புடிக்கிறதா?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டதற்கு, "புடிக்கிறது யாருன்னு சுத்தியலுக்குத் தெரியவா போகுது மாமா?" என்று கேட்டாராம். அந்த மாமாவே பிறகு தன் கல்யாணப் படத்துக்குச் சட்டம் அடிக்க அக்காவிடம் வந்தார். நான் படித்தது, மாநகரசபையில் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்தது, எனக்குக் கல்யாணம் நடந்தது எல்லாமே அந்தச் சுத்தியலால்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கண்டியில் சுவரில் தொங்கியவை எல்லாம் எங்கள் கடைக்கு வந்துதான் போகும். முருகன் வருவார், புத்தர் வருவார், மக்கத்துப் படம் வரும், மாதா வருவார். பெரிய வீடுகளிலிருந்து வெள்ளைக்காரர் காலத்து ராஜா ராணி படங்களும், பழைய இலங்கையின் ஆறு, அருவி, யானைப் படங்களும் வரும். கண்ணாடி மாற்றப் பழைய சட்டத்தைக் கழற்றும்போதெல்லாம் அக்கா படத்தை உடனே மேசையில் போட மாட்டார். சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பார், பின்பக்கத்தைத் தடவுவார், பிறகு மடக்கு லென்ஸை மேலே வைத்துக் குனிந்துகொள்வார். யாரும் சொல்லிக் கொடுத்த வித்தை அல்ல. பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார்.

கறுப்புக் கோடுகளால் அச்சான படத்துக்குக் கையால் வர்ணம் பூசியிருந்தால், எங்கேயாவது ஓர் இடத்தில் வர்ணம் கோட்டைத் தாண்டியிருக்கும். மரக்கட்டையில் வெட்டி அச்சடித்திருந்தால் மை ஓரத்தில் பிதுங்கி விளிம்பு கட்டியிருக்கும், பின்பக்கத்தில் விரலுக்கு மேடு தட்டும். கல்லச்சுப் படத்தில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல். லென்ஸில் அது மணல் தூவியது போல ஒழுங்கில்லாத பொட்டுப் பொட்டாகத் தெரியும், ஓரத்தில் ஒரு வர்ணம் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். இப்போதைய அச்சு எதுவாக இருந்தாலும் வரிசை வரிசையாகப் புள்ளிகள்தான். நாலே வர்ணம்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. "வரிசையில நின்னா புதுசு, கலைஞ்சு கெடந்தா பழசு" என்பார் அக்கா. இதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

அந்த லென்ஸ் கலகெதர ஊரில் நானாவின் கடையில் வாங்கியது. நாங்கள் நானா என்று கூப்பிடும் அந்த முஸ்லிம் அண்ணன், பழைய சாமான் வியாபாரி. தளபாடம், மணிக்கூடு, படம் என்று எது கையில் கிடைத்தாலும் வாங்குவார். படம் மட்டும் அக்காவிடம் காட்டாமல் விற்க மாட்டார். "இது என்னா தங்கச்சி, பழசா புதுசா, செல்லுங்க" என்று கடை வாசலிலேயே நிற்பார். அக்கா சொன்னால் சரி. ஒவ்வொரு பெருநாளைக்கும் எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் வந்துவிடும்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. படத்தைச் சட்டத்துக்குள் வைத்து மூடுவதற்கு முன், பின்பக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு சொல் எழுதுவார். பழசு, அல்லது புதுசு. பிற்காலத்தில் யார் கழற்றிப் பார்த்தாலும் ஏமாறக் கூடாது என்பதற்காக. ஒரு தடவை சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் கடைக்காரர் ஒருவர் பழைய அருவிப் படங்கள் சிலவற்றைக் கொண்டு வந்தார். அச்சு உண்மையிலேயே பழசுதான். வர்ணம் மட்டும் அண்மையில் யாரோ பூசியது. காகிதத்தில் விழுந்திருந்த பழுப்புக் கறையின் மேலேயே வர்ணம் ஏறி நின்றதைக் கொண்டு அக்கா கண்டுபிடித்துவிட்டார். பின்பக்கத்தில் "படம் பழசு, வர்ணம் புதுசு" என்று எழுதினார். வந்தவர் தெருவே கேட்கும்படி கத்தினார். "இத எழுதாட்டி ஒனக்கு என்னா கொறஞ்சிரும்?" என்று கேட்டார். "நான் எழுதாட்டியும் அது புதுசுதானேங்க" என்றார் அக்கா. அவர் பிறகு வரவேயில்லை. அக்கா அதை நினைத்துக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இனி லட்சுமி படத்தின் கதைக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு அது தெரியும்.

அம்மா கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த படம் அது. தாமரையில் நிற்கும் லட்சுமி, நல்ல சிவப்பில் சேலை. இந்தியாவில் கல்லச்சில் அடித்து, மேலே மெருகெண்ணெய் பூசி, துணி நெசவு போலப் பதித்த படம். கண்ணாடி கிடையாது. விரல் வைத்தால் சொரசொரவென்று இருக்கும். அம்மா வெள்ளிக்கிழமைகளில் படத்தின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். மேல்மாடியில் தெருப் பக்கத்து ஜன்னலுக்கு நேராகத் தொங்கியது. காலை வெயில் முழுக்க அதன் முகத்தில்தான். இருந்தும் அந்தச் சிவப்பு மங்கவேயில்லை.

தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் எங்கள் கடையும் வீடும் எரிந்தன. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் பின்கதவைத் திறந்து விட்டதால் அம்மா, அக்கா, அப்போது கல்யாணமாகாத நான் என்று மூன்று பேரும் உயிரோடு இருந்தோம். பிறகு ஒரு பாடசாலையில் தங்கினோம், அதன் பிறகு குண்டசாலையில் ஒரு வாடகை அறை. அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே இருந்தார். இப்படியே போனால் அம்மாவும் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா மட்டும் அடிக்கடி டவுனுக்குப் போய், எரிந்த இடத்தைக் கிளறிவிட்டு வருவார். ஒருநாள் சாயங்காலம் ஒரு துணி மூட்டையோடு வந்தார். அவிழ்த்தால் உள்ளே லட்சுமி. புதுச் சட்டம், மேலே கண்ணாடி. "இந்தாங்கம்மா, லட்சுமி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார், கண்ணாடியை உள்ளங்கையால் தடவினார். பிறகு, "வெளக்குக்கு எண்ணெ இருக்கா?" என்று கேட்டார். அத்தனை நாளுக்குப் பிறகு அம்மா பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்போது வத்தேகமவிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த பெரியப்பா மகன் அண்ணன்தான் முதலில் சொன்னார். "வீடு பூராவும் எரிஞ்சும் இவ எரியல பாத்தியா!" அன்றைக்கே அது குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. எரியாத லட்சுமி. குண்டசாலையில் அக்கா திரும்பவும் கடை வைத்து, சொந்த வீடும் கட்டிய பிறகு, வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சாமி அறையில் நிற்க இடமிருக்காது. பிள்ளை வரம் கேட்டு வந்தார்கள், பரீட்சைக்கு வந்தார்கள், வெளிநாட்டு விசாவுக்கு வந்தார்கள். நடந்ததும் உண்டு, நடக்காததும் உண்டு. யாராவது அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அக்கா தேத்தண்ணி போடப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

வருடங்கள் போகப் போக லட்சுமியின் சிவப்புச் சேலை ஊதாவானது, பிறகு நீலமாகத் தொடங்கியது. கன்னங்களும் நீலம் பாய்ந்தன. "அம்மன் நெறம் மாறுறா" என்று வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். நாலு வர்ண அச்சு வெயிலில் வெளிறும்போது சிவப்பும் மஞ்சளும் முதலில் போய் நீலம் மிஞ்சும் என்று அக்கா சொல்லி எத்தனையோ தடவை கேட்டவள் நான். சலூன்களில் தொங்கும் படங்களைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். ஆனால் சாமி படத்தை யார் அந்தக் கண்ணால் பார்ப்பார்கள்?

அந்தச் சமயத்தில் அம்மா தன்னுடைய பழைய சேலை ஒன்றைக் கிழித்து, கையாலேயே தைத்து, சாமி அறை ஜன்னலுக்குத் திரை போட்டார். அன்று அக்கா கடையிலிருந்து வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அந்தத் திரையைப் பார்த்தபடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "வெயில் சாமி மேல விழுகுது" என்றார் அம்மா. "நல்லாருக்கும்மா" என்றார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு. அம்மா காலமான பிறகும் அக்கா அந்தத் திரையைத் துவைத்துத் துவைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டே இருந்தார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்கு எதிரே, தாய்ப்பால் பற்றிய ஒரு பழைய சுவரொட்டி தொங்கியது. தாயும் நீலம், பிள்ளையும் நீலம். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். "செவப்புதான் மொதல்ல ஓடும்" என்றார். நான் வீட்டில் லட்சுமிக்கு முன்னால் நின்று அக்காவுக்காக வேண்டிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். அக்கா சுவரொட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "லட்சுமிக்குக் கண்ணாடி பழசாயிருச்சு. மாத்திரு. நீயே கழட்டு, வெளிக் கடையில குடுக்காத" என்றார். சரி என்றேன். எனக்கு அந்த நேரத்தில் கண்ணாடியா முக்கியம்? சில நாட்களில் அக்கா போய்விட்டார். தூங்கும்போதே போனார், கஷ்டப்படவில்லை என்று தாதி சொன்னார்.

கண்ணாடியை நான் மாற்றவில்லை. இந்த மலரின் பின் அட்டையில் எரியாத லட்சுமியின் படத்தைப் போட வேண்டும் என்று வத்தேகம அண்ணன் சொன்னார். "தங்கச்சி, அந்தக் கதைய ஒரு பக்கம் முழுக்க எழுதிரு. அக்காவோட கையிலதான சாமி வந்து சேந்தா" என்றார். சரி என்றேன். படம் பிடிக்க வந்த அச்சகத்துத் தம்பி, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, கழற்ற முடியுமா என்று கேட்டார். அதனால்தான் அக்காவின் குறடை எடுத்து, பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பலகையை எடுத்தேன். காகிதத்தின் மூலையில், அக்காவின் சாய்ந்த கையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: புதுசு.

அச்சகத்துத் தம்பிக்கு ஒன்றும் தெரியாது. "எடுக்கலாமாங்க?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மேசை லாச்சியிலிருந்து லென்ஸை எடுத்து வந்தேன். லட்சுமியின் முகத்தின் மேல் வைத்துக் குனிந்தேன். வரிசை வரிசையாகப் புள்ளிகள். விரலால் தடவினால் வழுவழுவென்று இருந்தது. நெசவுமில்லை, அம்மா வைத்த குங்குமத்தின் கறையுமில்லை. அச்சகத்துத் தம்பி படம் பிடித்துக்கொண்டு போன பிறகும் நான் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை. அக்காவுக்காக நான் வேண்டிக்கொண்டது இதனிடத்தில்தானா என்று மட்டும் ஒரு நினைப்பு வந்து நின்றது. படத்தைப் பற்றி யாரிடமும் பொய் சொல்லாத அக்கா, சொந்த அம்மாவிடமே சொல்லிவிட்டாரே என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கலகெதரவுக்குப் போனேன். நானாவுக்கு இப்போது காது மந்தம், கண் நல்ல கண். படத்தைப் பற்றிக் கேட்டதும் கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அத நான்தான் கொண்டந்து குடுத்த தங்கச்சி. கொழும்புல ஒரு கடையில தொங்கிக்கொண்டு ஈந்திச்சி. பழைய படத்தப் பாத்துப் புதுசா அடிச்சது. அதே லச்சுமி, அதே சேல. ஒங்க அக்கா வாங்கின கையோட லென்ஸ வெச்சிப் பாத்தா. 'புள்ளி நானா'ண்டு மட்டும் சென்னா. பொறகு நாங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசவே இல்ல."

"அம்மாவ ஏமாத்திட்டாங்களே நானா" என்றேன்.

நானா கையை ஆட்டி மறுத்தார். "யாரு ஏமாந்த? ஒரு பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டந்து தந்தப்ப, ஒங்க உம்மா என்ன ஒரு பக்கமாக் கூப்பிட்டுக் கேட்டாவு. 'இந்த மாதிரிப் புது அச்சு வெயில்ல வெளிறிப் போகுமா'ண்டு. போகும்ண்டு சென்ன. 'மூத்தவகிட்ட நான் கேட்டேன்னு சொல்லிறாதீங்க'ண்டாவு. செல்லல்ல. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் செல்லல்ல."

வீட்டுக்கு வந்து சாமி அறைக் கதவைத் திறந்தேன். ஜன்னலில் அம்மாவின் சேலைத் திரை. பழைய படத்தைக் காலமெல்லாம் வெயிலுக்கு நேராகவே வைத்திருந்த அம்மா, இந்தப் படத்துக்குத்தான் நிழல் தைத்துப் போட்டிருக்கிறார். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்காவுக்கும், நின்ற இடத்திலேயே எல்லாம் விளங்கியிருக்கும். இரண்டு பேரும் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஒரே வீட்டில், ஒரே விளக்கை ஏற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் நோகவிடாமல் இருந்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தத் திரைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்காகவா அக்காவுக்காகவா என்று தெரியாது. கொஞ்ச நேரம்தான். பிறகு பழையபடி ஆகிவிட்டது.

வத்தேகம அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப எம் மகளுக்குப் புள்ள வேணும்னு நான் வேண்டிக்கிட்டது?" என்று கேட்டார்.

"நடந்துச்சுல்லண்ணே."

"நடந்துச்சு." பிறகு, "சரி, உள்ளத எழுதிரு. ஒங்க அக்கா இருந்தா அப்பிடித்தான் எழுதச் சொல்லும். ஆனா படத்த மட்டும் சாமி அறையிலருந்து எடுத்துறாத" என்றார்.

எடுக்கவில்லை. அக்கா சொன்னபடி புதுக் கண்ணாடி போட்டேன். என் கையால் அடித்த ஆணி என்பதால் ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். பின்பக்கத்துச் சொல்லை அழிக்கவில்லை. திரையைத் துவைத்து மாட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வழக்கம்போல வாருங்கள். அது புதுப் படம் என்பது தெரிந்தே வாருங்கள். எங்கள் அம்மாவும் தெரிந்தேதான் விளக்கேற்றினார்.

அக்கா நோயில் கிடந்தபோது சாப்பாடு கொண்டு வந்த குண்டசாலை அயலவர்களுக்கும், முறை வைத்துப் பக்கத்தில் இருந்த சொந்தங்களுக்கும், தாதிமார்களுக்கும், எரிந்த நாளில் பின்கதவைத் திறந்து விட்ட அந்தக் குடும்பத்துக்கும், வயதான காலத்தில் கலகெதரவிலிருந்து மஹியாவை மயானம் வரைக்கும் வந்த நானாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், மலரை அழகாக அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி.

அச்சகத்திலிருந்து சரிபார்க்க மாதிரி அட்டை வந்ததும் அதில் உள்ள அக்காவின் முகத்தின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் புள்ளிகள். கூர்ந்து பார்க்கப் பார்க்க அக்கா இல்லாமல் போனார், லென்ஸை எடுத்ததும் திரும்பவும் வந்தார். இந்தப் படம் பல வருடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அக்காவின் நெற்றியிலிருக்கும் குங்குமப் பொட்டுத்தான் முதலில் போகும். அதனால் வாங்கிப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.